கடைசி சீட்டுக்குப் பின்னால் யார்

பஸ்ஸை எடுக்கக் கூடாது என்றார்கள், சரி, டிரைவர் எடுக்கவில்லை. கழுவக் கூடாது என்று எந்த அதிகாரியாவது சொன்னானா? இல்லையே. அதனால் அன்றைக்குக் காலையிலிருந்து அவர் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, துடைத்து, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, உட்கார முடியாமல் எழுந்து வந்து, துடைத்த இடத்தையே திரும்பவும் கழுவினார். மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பெயின்ட் போயிடப் போகுதுங்க!" என்று ஜன்னல் வழியாக டீச்சரம்மா கத்தினார்.

டீச்சரம்மா என்றால் அவருடைய வீட்டுக்காரம்மாதான். அவர் பஸ் ஓட்டுகிற அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். நோய் வந்து பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து, சாப்பாட்டு மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "மியூட்டை எடு, மியூட்டை எடு" என்று நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறார். இப்போது லீவு விட்டாயிற்று, ஆனாலும் அந்தக் குரல் இறங்கவில்லை. புருஷனிடமும் அதே குரலில்தான் பேச்சு.

"போனா போகட்டும். அது ஒண்ணாவது எங்கேயாவது போகட்டும்," என்றார் டிரைவர்.

மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் தெருவே அமளிதுமளிப்படும். விடிந்தால் பண்டிகை. பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் இந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம். பள்ளிக்கூட நிர்வாகத்திடம் கேட்டு பஸ்ஸை வாங்கி, ஜன்னலைச் சுற்றி சீரியல் பல்பு கட்டி, தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு டிரைவர் ஒரு ரவுண்டு போவார். ஊரில் எங்கெங்கே விளக்கு கட்டியிருக்கிறார்களோ அங்கெல்லாம் மெதுவாக ஓட்டி, ஏரிக்கரையில் நிறுத்தி, ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடித்து, பேக்கரிக்காரர் கொண்டுவந்த பன்னைத் தின்று, பாடவே கூடாத தொண்டைகளெல்லாம் பாடித் தீர்த்துத் திரும்புவார்கள். அவ்வளவுதான் ரவுண்டு. இதில் அப்படி என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்கலாம். கேட்டுவிட்டு இந்தத் தெருவில் நடமாட முடியாது, அது வேறு விஷயம்.

யாருக்கு எந்த சீட்டு என்பதும் அசைக்க முடியாத ஏற்பாடு. டிரைவருக்குப் பின்னால் டீச்சரம்மா, அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரர் குடும்பம், அப்படியே போய்க் கடைசிக்கு முந்தின சீட்டில் தையல்காரம்மா. கடைசி சீட்டு நெட்டைக்கு.

நெட்டை ஃபிரிஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கதவைத் தாண்டும்போது குனியாவிட்டால் நெற்றி வீங்கிவிடும், அந்த உயரம். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தெருவின் அந்தக் கோடியில், தன் கடைக்கு மேலேயே குடியிருந்தான். டவுசர் போட்ட காலத்திலிருந்து டிரைவருக்குச் சிநேகிதன். சிநேகிதன் என்றால் தோளில் கை போட்டுக்கொள்கிற சிநேகிதம் இல்லை. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் வாருகிற சிநேகிதம்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ரவுண்டில் நெட்டையை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஒதுங்கப் போனவன் திரும்புவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பாடுகிற மும்முரத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு ஆளா இருந்தா மறக்கலாம்டா, நான் ரெண்டு ஆள் நீளம் இருக்கேனே, என்னைப் போய் மறந்துட்டியே!" என்றான். அடுத்த வருஷம் கடைசி சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். "இனிமே என்னை விட்டுட்டுப் போகணும்னா பஸ்ஸோட பின்பக்கத்தைக் கழட்டிட்டுத்தான் போகணும்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

அப்போது வந்ததுதான் அந்தச் சட்டம்: முன்சீட்டுக்குப் பின்சீட்டு பொறுப்பு. பஸ் கிளம்புவதற்கு முன்னால், தன் கண்ணெதிரே தெரிகிற தலைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, பின்சீட்டுக்காரர் "உண்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். உண்டு, உண்டு, உண்டு என்று அந்தக் குரல் முன்னாலிருந்து பின்னால் ஓடும். கடைசியில் தையல்காரம்மாவுக்கு நெட்டை உண்டு சொல்வான். நெட்டைக்குப் பின்னால் ஆள் ஏது? அவனை மட்டும் டிரைவர் தன் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். அவனாவது ஒழுங்காகக் கையைக் காட்டுவதாவது! சீட்டில் மல்லாந்து, சீட்டுகளுக்கு நடுவே இருக்கிற வழியில் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவான். கண்ணாடி பூராவும் அந்தக் கால்தான் தெரியும். "இறக்குடா நாயே!" என்று டிரைவர் கத்துவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் ரெண்டு ஹாரன், பஸ் நகரும்.

இந்த வருஷம் எல்லாம் போயிற்று. ஊரடங்கு. பஸ்ஸை நிறுத்தப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று சொல்லி, டிரைவர் வீட்டுப் பக்கத்துக் காலி மனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மெயின் ரோட்டை ஒட்டிய முனை அது. மறுமுனையில் ஒரு பழைய ஆலையின் மதில், அதற்குமேல் வழி கிடையாது. அந்தப் பக்கத்து வீடுகளில் நோய் பரவி, குடும்பம் குடும்பமாக முகாமுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நடுத்தெருவில் தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் நெட்டையைத் தவிர ஈ காக்கா கிடையாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் முதல் வீடு தையல்காரம்மாவுடையது.

ஊரடங்கு ஆரம்பித்த புதிதில் எல்லாருக்கும் ஒரே கவலை. யார் எப்படி இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டீச்சரம்மாதான் வழி சொன்னார்: "ரவுண்டு சட்டத்தையே வச்சுக்குவோம். பின்சீட்டுக்காரங்க தினம் காலையில முன்சீட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணி விசாரிக்கணும். நல்லா இருந்தா குரூப்புல 'உண்டு'ன்னு போடணும்." தெருவே மெச்சிக்கொண்டது. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு, யார் சரிபார்ப்பார்கள்? தினம் காலையில் போனில் உண்டு, உண்டு என்று விழும். எல்லாம் விழுந்ததும் டிரைவர் "போலாம்" என்று போடுவார். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால் தெருவுக்கே ஒரு தெம்பு.

நெட்டையிடம் இருந்தது பட்டன் போன். ஊரார் மெஷினையெல்லாம் பிரித்துப் போடுகிறவன், தனக்கென்று ஒரு நல்ல போன் வாங்க மாட்டான். அதனால் அவன் தையல்காரம்மாவுக்குப் போன் செய்து விசாரிப்பான். அவன் குரூப்பில் போட வேண்டிய 'உண்டு'வை அந்தம்மாவே போட்டுவிடுவார்.

டிரைவரும் ஆரம்பத்தில் நெட்டைக்கு அடிக்கடி போன் செய்துகொண்டுதான் இருந்தார். ஆனால் எடுத்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "ரவுண்டு உண்டாடா?" இவரும் இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்குச் சொல்வார்கள் என்று சமாளித்துப் பார்த்தார். அப்புறம் நிர்வாகம் கறாராக முடியாது என்றதும், அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. போன் செய்வதையே தள்ளிப் போட்டார். குரூப்பில்தான் தினம் உண்டு விழுகிறதே, எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

மத்தியானம் அவர் அட்டைப்பெட்டியிலிருந்து சீரியல் பல்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அதை எதுக்குக் கட்டுறீங்க? யாரு பாக்கப் போறா?" என்றார் டீச்சரம்மா.

"நான் பாப்பேன்."

"கொஞ்ச நேரம் படுங்களேன். குட்டி போட்ட பூனை மாதிரி உள்ளயும் வெளியிலயும் நடந்துக்கிட்டு... எனக்கே தலை சுத்துது."

"சுத்தட்டும். இந்த வருஷம் அதுவாவது ரவுண்டு போகட்டும்."

டீச்சரம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். டிரைவர் ஜன்னல் ஜன்னலாகப் பல்பைக் கட்டி, ஒயரைச் சொருகினார். போன வருஷம் நெட்டை அந்த ஒயரில் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். என்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் பல்பும் தானாக எரியும். நிறுத்த ஸ்விட்ச் எங்கே என்று கேட்டதற்கு, "ரவுண்டுன்னா எரிஞ்சாகணும், எதுக்கு ஸ்விட்ச்சு?" என்று சிரித்தான். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று அவ்வப்போது என்ஜினை ஓட விடுவது வழக்கம்தான். சாவியைத் திருப்பினார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர்பெற்றது, ஜன்னலெல்லாம் சிவப்பும் பச்சையுமாக மின்னத் தொடங்கியது. கழுவுகிறபோது கண்ணாடி கோணிப்போயிருந்தது. நேராக்குவதற்காகக் கையைத் தூக்கினார்.

கண்ணாடியில் கடைசி சீட்டு தெரிந்தது. காலியாக இருந்தது. காலியாகத்தான் இருக்கும், பஸ்ஸில்தான் ஒருத்தரும் இல்லையே. ஆனாலும் அவர் கை கண்ணாடியை விடவில்லை. பேக்கரிக்காரர் டீச்சரை விசாரிக்கிறார். அவரை அவருக்குப் பின்னால் இருப்பவர். இப்படியே போய், தையல்காரம்மாவை நெட்டை விசாரிக்கிறான். நெட்டையை? நெட்டையைப் பார்க்க வேண்டியது இந்தக் கண்ணாடி. இந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டியது நான். வீட்டிலிருந்து கண்ணாடியில் பார்க்க முடியுமா?

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நெட்டையின் நம்பரைப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. திரும்பப் போட்டார். அதே பெண், அதே பதில். "உன்னை யாரு கேட்டா?" என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டுத் தையல்காரம்மாவுக்குப் போட்டார்.

"அக்கா, நெட்டை இன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணானா?"

"இன்னைக்கா? இல்லையே தம்பி."

"நேத்து?"

"அது வந்து... நான்தான் அவனைத் திட்டிட்டேன். விடியறதுக்கு முன்னாடியே போன் பண்ணி எழுப்பி விட்டுடறான். எனக்கு அப்பத்தான் கண்ணே மூடுது. உனக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டுட்டேன். அதுலேர்ந்து பண்றதில்ல. ரோஷக்காரன், கோவிச்சுக்கிட்டான்னு விட்டுட்டேன்."

"அப்ப குரூப்புல தினம் உண்டு விழுதே?"

"நானேதான் போட்டேன். நான்தான் நல்லா இருக்கேனே! எதுக்கு வீணா எல்லாரையும் பதற வைக்கணும்னு..." பாதியிலேயே அந்தம்மாவுக்கும் விளங்கிவிட்டது போல. "தம்பி, அவனுக்கு யாரு போன் பண்றா?"

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்குள் ஓடினார். டீச்சரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நெட்டைக்குப் பின்னாடி யாரு?"

"என்ன?"

"உன் கணக்குல நெட்டைக்குப் பின்னாடி யாரு? அவனுக்கு யாரு போன் பண்ணணும்?"

டீச்சரம்மா வாய்க்குள்ளேயே சீட்டு சீட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் வந்து நின்றார். கையிலிருந்த துணி நழுவியது. "ஐயோ, நான் யாரையும் போடலையே! நீங்க பாத்துக்குவீங்கன்னு... எப்பவும் நீங்கதானே பாப்பீங்க!"

"ஆமா. நான்தான் பாப்பேன்," என்றார் டிரைவர். மாஸ்க்கை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டே தெருவில் இறங்கினார்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி அவர் ஓடுவதைப் பார்த்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "என்ன ஆச்சு?" என்று பேக்கரிக்காரர் மாடியிலிருந்து கேட்டார். நின்று பதில் சொல்ல நேரமில்லை. ஓடுகிற ஓட்டத்தில் அவருடைய மனசு போகாத இடமெல்லாம் போயிற்று. எத்தனை நாளாகக் கிடக்கிறானோ. தண்ணீர் குடித்தானோ இல்லையோ. ஒரு போன் செய்வதற்கு எனக்கு என்ன கேடு? ரவுண்டு கிடையாதுடா என்று சொல்லித் தொலைத்திருந்தால் அவன் என்ன என்னைத் தின்றுவிடுவானா?

தடுப்புக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போலீஸ்காரம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தத் தகரத்தைக் காவல் காக்கிற எரிச்சல் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"எங்க ஓடுறீங்க? அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு தெரியாதா?"

"என் சிநேகிதன் உள்ள தனியா இருக்கான். போன் போகலை. யாருமே அவனைப் பாக்கலை."

"ரெண்டு நாளா நானே இங்கதான் உக்காந்திருக்கேன். யாரும் கூப்பிடலையே!"

"கூப்பிட முடிஞ்சா கூப்பிட மாட்டானா?" என்றார் டிரைவர். "நீங்களே வாங்க. கதவைத் தட்டிப் பாப்போம். அவன் நல்லா இருந்தா என்னை உள்ள தூக்கிப் போடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

போலீஸ்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் இன்னொரு மாஸ்க்கை எடுத்துத் தன் மாஸ்க்குக்கு மேலே மாட்டிக்கொண்டு, இவருக்கும் ஒன்றைக் கொடுத்தார். தகரத்தை விலக்கினார்.

நெட்டையின் கடை பூட்டிக் கிடந்தது. பக்கவாட்டுப் படியில் ஏறிக் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. டிரைவர் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். "டேய் நெட்டை! டேய்!" உள்ளே ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் சரிபண்ணிக் கொடுக்கிறவன், தன் வீட்டுத் தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு கம்பியைத்தான் வளைத்து மாட்டியிருந்தான். தோளால் ஒரு இடி இடித்ததும் அது பிய்த்துக்கொண்டு வந்தது.

கட்டில் நீளம் போதாதென்று நெட்டை எப்போதும் தரையில்தான் படுப்பான். இப்போதும் அங்கேதான் கிடந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. உதடு கருநீலம். நெஞ்சு மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக, ஓடிக் களைத்தவனுக்குப் போல அடித்துக்கொண்டிருந்தது. போன் தலைமாட்டில் செத்துக் கிடந்தது. சார்ஜர் ஒயர் அறுந்திருந்தது; இன்னொரு ஒயர் கீழே கடையில் இருக்கிறது, படியிறங்கிப் போய் எடுக்கத் திராணி இல்லை. இவ்வளவுதான் விஷயம். ஒரு ஒயர்.

டிரைவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மண்டியிட்டு அவன் முகத்துக்கு நேரே குனிந்தார்.

நெட்டை கண்ணைத் திறந்தான். அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ரவுண்டுக்கா... வந்த?" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஒரு மூச்சு.

டிரைவர் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தார், முடியவில்லை. "ஆமாடா. ரவுண்டுதான். பஸ் ரெடி. நீ ஒருத்தன்தான் பாக்கி."

போலீஸ்காரம்மா ஆம்புலன்ஸுக்குப் போட்டார். எல்லா வண்டியும் வெளியே இருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றார்கள். அவர் நெட்டையின் உதட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார்.

"உங்ககிட்ட வண்டி இருக்கா?"

"இருக்கு. ஆனா எடுக்கக் கூடாதுன்னு..."

"நான் சொல்றேன், எடுங்க! ஆஸ்பத்திரிக்கு நான் பேசிக்கறேன். கேட்டா என் பேரைச் சொல்லுங்க. ஓடுங்க!"

மறுபடியும் ஓட்டம். இந்தத் தடவை டிரைவர் ஓடிக்கொண்டே கத்தினார், "நெட்டைக்கு முடியலை! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்!" பாதிப் பேருக்குக் கேட்டது, பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறிச் சாவியைத் திருப்பினார். நேரங்கெட்ட நேரத்தில் சிவப்பும் பச்சையும் மின்னிக்கொண்டு எரிந்தது. நிறுத்தத்தான் ஸ்விட்ச் கிடையாதே! அப்படியே தெருவுக்குள் விட்டார்.

விளக்கெல்லாம் எரிய பஸ் வருவதைப் பார்த்ததும் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரவுண்டு! ரவுண்டு வந்துருச்சு!" என்று குதித்தன. யாரோ கைதட்டினார்கள். டிரைவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தடுப்பைத் தாண்டி, ஆலை மதிலோரம் பஸ்ஸைத் திருப்பி, படிக்கட்டை ஒட்டி நிறுத்தினார்.

அவனை இறக்கிக் கொண்டுவருவதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. ரெண்டு ஆள் நீளம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. முன்சீட்டிலேயே படுக்க வைக்கலாம் என்றார் போலீஸ்காரம்மா. நெட்டை தலையை ஆட்டினான், வேண்டாமாம். கையைப் பின்னால் காட்டினான்.

"சாகக் கிடக்கறப்பவும் சீட்டு கேக்குது பாரு," என்றார் டிரைவர். ஆனால் அதுதான் சரி. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டால் காற்று வரும், நோய்க்காரனுக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் ஒரு பஸ் நீளம் இருக்கும். கடைசி சீட்டில் அவனைக் கிடத்தினார்கள். போலீஸ்காரம்மா இறங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டே தகரத்தை அகலமாகத் தள்ளிவிட்டார்.

பஸ் திரும்பி வரும்போது தெருவில் கைதட்டல் இல்லை. டீச்சரம்மா அதற்குள் குரூப்பில் சொல்லியிருந்தார். எல்லா ஜன்னலிலும் முகங்கள் இருந்தன, ஒரு சத்தம் இல்லை. என்ஜின் சத்தம் மட்டும்தான். அந்த மௌனம் டிரைவருக்குத் தாங்கவில்லை. செத்தவனைக் கொண்டுபோகிறபோதுதான் தெரு இப்படி நிற்கும். கத்துங்களேன், ஏதாவது பேசுங்களேன் என்று அவருக்குள் பொங்கியது.

முதலில் குரல் கொடுத்தது தையல்காரம்மா. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் கூச்சலுமாக, "உண்டு!" என்றார். அடுத்த வீட்டுக்காரர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் அவரும் "உண்டு!" என்றார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒன்று. பேக்கரிக்காரர் குடும்பம் மொத்தமாக ஒன்று. சீட்டு வரிசையில் இல்லை, வீட்டு வரிசையில், முன்னும் பின்னுமாக, யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்றே தெரியாமல், உண்டு, உண்டு, உண்டு என்று அந்தக் குரல் பஸ்ஸோடு கூடவே ஓடி வந்தது. பெரியவர்கள் அழுதார்கள். பிள்ளைகள் மட்டும் எப்போதும் போலக் கத்தின.

தெருமுனையில் டீச்சரம்மா கேட்டைத் திறந்துகொண்டு நின்றார். கையில் ஒரு பை. போர்வை, தண்ணீர், சார்ஜர். ஜன்னல் வழியாக அதை டிரைவரிடம் எறிந்துவிட்டு, "உண்டு!" என்றார். அப்புறம் பள்ளிக்கூடத்துக் குரலில், "கண்ணாடியப் பாருங்க!" என்று கத்தினார்.

மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் பஸ்ஸை ஒரு நிமிஷம் நிறுத்தத்தான் வேண்டும். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி சீட்டுகளின் முதுகு. அவற்றுக்குப் பின்னால் படுத்திருப்பவன் தெரியவில்லை.

"டேய்! கடைசி சீட்டு!"

பதில் இல்லை. பல்புகள் மட்டும் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்தன. தெருவும் வாயை மூடிக்கொண்டது.

"டேய் நெட்டை! எல்லாரும் சொல்லியாச்சுடா! உன்னைத்தாண்டா கேக்கறேன்! கடைசி சீட்டு!"

எழுந்து பின்னால் ஓடிப் பார்க்கலாமா, இல்லை அப்படியே ஓட்டலாமா என்று தெரியாமல் கை ஸ்டியரிங்கிலும் கால் பிரேக்கிலுமாகத் தவித்தார். ஜன்னலுக்கு வெளியே டீச்சரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்போது கண்ணாடியின் அடியில் ஏதோ அசைந்தது. சாக்ஸின் நுனி. கிழிந்த சாக்ஸ், பெருவிரல் வெளியே தெரிந்தது. அது ஒரு சீட்டின் முதுகைப் பிடித்து, நழுவி, மறுபடியும் தொற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கடைசியில் ஒரு முழுக் கால், நடுங்கிக்கொண்டு, நடுவழியில் நின்றது.

"இறக்காதடா நாயே!" என்று டிரைவர் அழுதுகொண்டே கத்தினார். "ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் இறக்காத! நான் பாத்துக்கிட்டே இருக்கேன்!"

ரெண்டு ஹாரன் அடித்துவிட்டு, பஸ்ஸை மெயின் ரோட்டில் ஏற்றினார்.